எத்தியோப்பியா போகத் திட்டமா? முதலில் அந்த ஊர்க் காலக்கணக்கைப் பழகுங்கள்: முழுமையான வழிகாட்டி

2025 செப்டம்பர் 11 அன்று எத்தியோப்பியாவில் 2018ஆம் ஆண்டு பிறந்தது. அந்த நாட்டு நாட்காட்டி உலக நாட்காட்டியைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. ஆண்டுக்கு 13 மாதம். அங்கே காலை ஏழு மணி என்பது ஒரு மணி. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வாரத்தில் இரண்டு நாள் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடுவதில்லை.

சும்மா படித்து வியக்க இவை நல்ல செய்திகள்தான். ஆனால் டிக்கெட் எடுக்கப்போகிறவர் இவற்றைக் கொஞ்சம் கவனமாகவே படிக்க வேண்டும். எந்த மாதம் போகிறோம், எந்தக் கிழமை எந்த ஊரில் இருக்கிறோம், பேருந்து எத்தனை மணிக்கு, சைவ உணவு கிடைக்குமா என்று எல்லாவற்றையும் அங்கே இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. அதனால்தான் விசாவுக்கு முன்னால் நாட்காட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: நாட்காட்டியும் கடிகாரமும்

எத்தியோப்பிய ஆண்டில் 30 நாள் கொண்ட மாதங்கள் 12. மீதமுள்ள ஐந்து நாளுக்கு, லீப் ஆண்டில் ஆறு நாளுக்கு, பகுமே என்று ஒரு குட்டி மாதம். புத்தாண்டு செப்டம்பர் 11 அன்று. நம் லீப் ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் மட்டும் செப்டம்பர் 12. உலகம் முழுவதும் 2000ஆம் ஆண்டைக் கொண்டாடி முடித்து ஏழு ஆண்டு கழிந்த பிறகு, 2007 செப்டம்பரில் அவர்கள் தங்கள் 2000ஐ வரவேற்றார்கள்.

விமான டிக்கெட், விசா, பெரிய ஹோட்டல்கள் எல்லாம் உலகத் தேதியில்தான் இருக்கும். சிறிய ஊர்களில் கிடைக்கும் ரசீது, அரசு அலுவலகத் தாள்கள், கடைப் பலகைகளில் எத்தியோப்பியத் தேதி இருக்கும். ஆண்டைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கடிகாரம்தான் உண்மையில் சிக்கலில் மாட்டிவிடும். அவர்களுக்கு நாள் விடியலில் தொடங்குகிறது. விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் ஒரு மணி. நம் காலை எட்டு அவர்களுக்கு இரண்டு. நண்பகல் பன்னிரண்டு அவர்களுக்கு ஆறு. மாலை ஆறு மணிக்குப் பிறகு இரவுக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகவே இருக்கின்றன; எனவே இந்தக் கணக்கு எந்தப் பருவத்திலும் பிசகுவதில்லை. நம் பஞ்சாங்கத்திலும் நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்துதான் எண்ணுகிறோம். அந்த வழக்கம் தெரிந்தவருக்கு இது விரைவில் பிடிபட்டுவிடும்.

நடைமுறைக்கு ஒரு விதி: யார் நேரம் சொன்னாலும், "ஹபேஷா நேரமா, ஃபெரஞ்சி நேரமா?" என்று கேட்டுவிடுங்கள். ஹபேஷா என்றால் உள்ளூர்க் கணக்கு, ஃபெரஞ்சி என்றால் வெளிநாட்டார் கணக்கு. ஓட்டுநர் "நாளை பதினொன்றுக்கு வருகிறேன்" என்றால் அவர் விடிகாலை ஐந்து மணிக்கு வாசலில் நிற்பார். செல்பேசியைத் திறந்து, திரையில் எந்த எண் காட்டும்போது வருவார் என்று காட்டச் சொல்வது இன்னும் பாதுகாப்பு. இந்திய, இலங்கை நேரம் அடிஸ் அபாபாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

படி 2: எந்த மாதம்?

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மலைநாட்டில் பெருமழை. மண்சாலைகள் சேறாகும், மலையேற்றத்தில் முகில் மட்டும்தான் தெரியும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அதிலும் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் தனி அழகு: மழை நின்று, மலைச்சரிவு முழுக்க மஞ்சள் மெஸ்கெல் பூ பூத்துக் கிடக்கும்.

திருவிழாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 27 மெஸ்கெல், அதாவது இயேசுவின் சிலுவையைக் கண்டெடுத்ததைக் கொண்டாடும் விழா (புத்தாண்டு செப்டம்பர் 12இல் வரும் ஆண்டில் 28); முந்தைய மாலையே அடிஸ் அபாபாவின் மெஸ்கெல் சதுக்கத்தில் பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள். ஜனவரி 7 கென்னா, அதாவது அவர்களுடைய கிறிஸ்துமஸ். ஜனவரி 19 திம்கத், இயேசு திருமுழுக்குப் பெற்ற நாள். லீப் ஆண்டில் 20. என்னிடம் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் திம்கத் என்பேன். ஒவ்வொரு தேவாலயத்திலும் கருவறைக்குள் இருக்கும் தாபோத் என்ற புனிதப் பலகையைப் பட்டுத்துணியில் சுற்றி, குருமார் தலையில் சுமந்து, பல வண்ண வெல்வெட் குடைகளின் கீழ் நீர்நிலைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். இரவு முழுக்க வழிபாடு, விடியலில் தண்ணீரை மந்திரித்துக் கூட்டத்தின் மேல் தெளிப்பார்கள்.

அடுத்தது நோன்புக் காலம். புதனும் வெள்ளியும் ஆண்டு முழுக்க நோன்பு. ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் பெருநோன்பு. 2027இல் அது மார்ச் 8 முதல் மே 1 வரை. நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி 6 வரை இன்னொரு நோன்பு. சைவர்களுக்கு இந்த நாட்கள் பெருவிருந்து. மாறாக ஈஸ்டர் முடிந்த அடுத்த 50 நாளில் புதன், வெள்ளி நோன்புகூடக் கிடையாது. அப்போது சிற்றூர் உணவகங்களில் சைவம் தேடித்தான் பிடிக்க வேண்டும். இறைச்சி விரும்பிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். பெருநோன்பில் பல உணவகங்களில் இறைச்சியே சமைப்பதில்லை.

படி 3: எங்கே போகலாம், எங்கே கூடாது

பழைய பயணக் கட்டுரைகள் மறைக்கும் செய்தி இது. 2020 நவம்பர் முதல் 2022 நவம்பர் வரை வடக்கே திக்ராய் மாநிலத்தில் கொடிய போர் நடந்தது. அது ஓய்ந்த பின்னும் அங்கே நிலைமை முழுதாகத் தெளியவில்லை. 2023 முதல் அம்ஹாரா மாநிலத்தில் ஃபானோ ஆயுதக் குழுக்களுக்கும் ராணுவத்துக்கும் சண்டை. ஒரோமியாவின் சில பகுதிகளில் ஆட்கடத்தல். லாலிபெலா, கொண்டார், சிமியன் மலை, அக்சும் என்று எல்லாருடைய பட்டியலிலும் முதலில் இருக்கும் இடங்கள் அம்ஹாராவிலும் திக்ராயிலும்தான் இருக்கின்றன.

நாடு முழுவதும் ஆபத்து என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் மாதத்துக்கு மாதம் நிலைமை மாறுகிறது. டிக்கெட் எடுக்கும் முன்பு ஒரு முறை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மறுபடி ஒரு முறை, அடிஸ் அபாபாவிலுள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பையும் வேறு ஒன்றிரண்டு நாடுகளின் பயண எச்சரிக்கையையும் பாருங்கள். நீங்கள் தங்கப்போகும் விடுதிக்கே எழுதிக் கேளுங்கள். அம்ஹாராவுக்குள் போவதென்றால் விமானத்தில் மட்டும். ஊர்விட்டு ஊர் சாலையில் போக வேண்டாம். பயணக் காப்பீடு எடுத்தவர்கள் அதன் விதிகளைப் படியுங்கள்: அரசு "போகாதீர்கள்" என்று எச்சரித்த பகுதிக்குப் போனால் பல நிறுவனங்கள் பணம் தராது.

முதல் முறை போகிறவருக்கு என் பரிந்துரை: அடிஸ் அபாபாவை நடுவில் வைத்துக்கொண்டு, கிழக்கே ஹரார், தெற்கே பாலே மலை. லாலிபெலா திறந்திருந்தால் அதைச் சேருங்கள். இல்லையென்றால் அடுத்த முறைக்கு விடுங்கள்.

படி 4: விசா, தடுப்பூசி, டிக்கெட்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மின்விசா உண்டு. எத்தியோப்பிய அரசின் குடிவரவுத் துறைத் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். அதைப் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் கூடுதல் கட்டணம் பிடுங்கும். முகவரியைக் கூர்ந்து பாருங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

இந்தியப் பயணிகளில் பலர் கோட்டைவிடும் இடம் தடுப்பூசி. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து போகும்போது அங்கே யாரும் சான்றிதழ் கேட்காமல் விட்டுவிடலாம். திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள். அந்தச் சான்றிதழான மஞ்சள் அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுக்கப் போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனம் அப்படி ஒரு மையம். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள் என்பதால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே விசாரித்து முன்பதிவு செய்யுங்கள். 60 வயதைக் கடந்தவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இலங்கைக்குத் திரும்புகிறவர்களிடமும் இந்த அட்டையைக் கேட்பார்கள். அட்டை கைப்பையில் இருக்கட்டும்.

மலேரியா தாழ்நிலங்களில் உண்டு. அடிஸ் அபாபா உயரத்தில் இருப்பதால் அங்கே கவலை இல்லை. டனாக்கில், ஓமோ பள்ளத்தாக்கு என்று இறங்குபவர்கள் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

டிக்கெட்டுக்கு எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ்தான் இயல்பான தேர்வு. 1945இல் தொடங்கிய அரசு நிறுவனம், ஆப்பிரிக்காவிலேயே பெரியது. மும்பை, டெல்லி, பெங்களூரிலிருந்து பறக்கிறது. 2022இல் சென்னையிலிருந்தும் பயணிகள் சேவை தொடங்கியது. வெளிநாட்டுப் பயணத்தை அவர்களிடமே எடுத்தவர்களுக்கு உள்நாட்டு விமானத்தில் சலுகை கிடைப்பது வழக்கம். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். உள்நாட்டு விமானம் மழை, பனிமூட்டத்தால் தள்ளிப்போவது சகஜம். ஆகவே ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளே அடிஸ் அபாபா வந்துவிடுவது நல்லது.

டிரோன் எடுத்துப் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

படி 5: பணம்

நாணயம் பிர். 2024 ஜூலை இறுதியில் அரசு அதன் மதிப்பைச் சந்தைக்கு விட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 57 பிர் அளவில் இருந்தது, சில வாரங்களில் 100ஐத் தாண்டியது. ஆகவே அதற்கு முன் எழுதப்பட்ட எந்த விலைப் பட்டியலையும் நம்ப வேண்டாம். கிழியாத, கசங்காத, புதிய வரிசை டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோய் வங்கியில் மாற்றுங்கள். இந்திய ரூபாயை மாற்ற முடியாது. தெருவில் அதிக விலை தருவதாகக் கூப்பிடுபவர்களிடம் போகாதீர்கள். அது சட்டவிரோதம், ஏமாற்று வேலையும் நடக்கும். ஏடிஎம் பெரிய ஊர்களில் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி ஊர் தாண்ட முடியாது.

சிம் அட்டைக்கு எத்தியோ டெலிகாம் அல்லது சஃபாரிகாம். கடவுச்சீட்டைக் காட்டி விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

படி 6: முதல் இரண்டு நாள் அடிஸ் அபாபாவில்

அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். இறங்கிய அன்றே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். முதல் நாள் மெதுவாக நடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். மாலையில் ஸ்வெட்டர் வேண்டும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பருத்திச் சட்டை மட்டும் எடுத்துப்போகிறவர்கள் முதல் இரவே நடுங்குவார்கள்.

தேசிய அருங்காட்சியகத்தில் லூசியைப் பாருங்கள். 1974 நவம்பர் 24 அன்று அஃபார் பகுதியின் ஹடாரில் கண்டெடுத்த எலும்புக்கூடு, 32 லட்சம் ஆண்டு பழமை. இரண்டு காலில் நடந்த நம் மூதாதை இனம். காட்சியில் இருப்பது நகல்தான். ஆனாலும் அந்தச் சின்ன உருவத்தின் முன்னால் நிற்கும்போது மனசு அமைதியாகிவிடுகிறது.

2024இல் திறந்த அட்வா வெற்றி நினைவகத்துக்குக் கட்டாயம் போங்கள். 1896 மார்ச் 1 அன்று இரண்டாம் மெனெலிக் பேரரசரின் படை வடக்கே அட்வாவில் இத்தாலியப் படையை முறியடித்தது. ஆப்பிரிக்காவை ஐரோப்பியர் கூறுபோட்டுக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த வெற்றி அது. 1936 முதல் 1941 வரை இத்தாலி ஆக்கிரமித்திருந்தது என்றாலும், "நாங்கள் யாருடைய காலனியும் அல்ல" என்று எந்த எத்தியோப்பியரும் நிமிர்ந்து சொல்வார். அவர்களிடம் பேசும்போது இந்த வரலாறு உங்களுக்குத் தெரிந்திருந்தால் முகம் மலர்வதைப் பார்க்கலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. 1974இல் ஹைலே செலாசி பேரரசரை இறக்கிவிட்டு வந்த டெர்க் ராணுவ ஆட்சி நடத்திய படுகொலைகளுக்கென்று மெஸ்கெல் சதுக்கத்தின் அருகே ஒரு சிறிய நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. கனமான இடம், ஆனால் தவிர்க்காதீர்கள்.

நகருக்குள் போய்வர ரைட், ஃபெரெஸ் ஆகிய செயலிகளில் கார் கூப்பிடலாம். மற்ற ஊர்களில் மூன்று சக்கர ஆட்டோதான். அதை அங்கே பஜாஜ் என்றே கூப்பிடுகிறார்கள். நம் ஊர்க் கம்பெனிப் பெயர் வண்டியின் பெயராகவே நின்றுவிட்டது. மெர்காட்டோ சந்தையில் பைகளைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தெருவில் "நான் மாணவன், வாருங்கள், காப்பிச் சடங்கு காட்டுகிறேன்" என்று அழைக்கும் இளைஞரோடு போனால் கடைசியில் பெரிய பில் வரும் வாய்ப்பு அதிகம்.

இந்தியர் என்று தெரிந்ததும் நடுத்தர வயது தாண்டியவர்கள் பலர் "எனக்குப் பாடம் எடுத்தவர் இந்திய ஆசிரியர்" என்பார்கள். ஹைலே செலாசி காலம் முதல் ஏராளமான இந்திய ஆசிரியர்கள், குறிப்பாகக் கேரளத்தவர், அந்த நாட்டின் மூலை முடுக்குப் பள்ளிகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த மரியாதையின் பலன் இன்று போகிற நமக்கும் கிடைக்கிறது.

படி 7: சாப்பாடு

டெஃப் என்ற தானியம், கடுகைவிடப் பொடி. அதை மாவாக்கிக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்க வைக்கிறார்கள். மித்தாத் என்னும் அரை மீட்டருக்கு மேல் அகலமான வட்டக் கல்லில் ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கிச் சுற்றிச் சுற்றி ஊற்றி, மூடி போட்டு வேகவைக்கிறார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேற்புறம் முழுக்க ஆப்பம் போலக் கண் கண்ணாகத் திறந்துகொள்ளும். இதுதான் இஞ்செரா. குழம்பு, கூட்டு எல்லாவற்றையும் அதன் மேலேயே பரிமாறுவார்கள். ஓரத்திலிருந்து பிய்த்து, தொட்டுச் சாப்பிட வேண்டும். வலக்கையால் மட்டும். புளித்த மாவுக்குப் பழகிய தமிழ் நாக்குக்கு இது இரண்டாம் வேளையிலேயே ஒத்துப்போகும்.

சைவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய சொல்: "யெட்சோம் பெயாய்நெட்டு". நோன்பு உணவுத் தட்டு. பெர்பெரே மிளகாய்ப்பொடி போட்ட மசூர் பருப்பு, மஞ்சள் சேர்த்த பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ்-கேரட், பீட்ரூட், கடலைமாவில் செய்யும் ஷிரோ என்று ஒரே இஞ்செரா மேல் வட்டமாக அடுக்கி வரும். நோன்பு நாளில் பால், நெய்கூட இருக்காது. மற்ற நாட்களில் ஷிரோவில் மசாலா நெய் சேரலாம். சில இடங்களில் நோன்பு உணவில் மீனைச் சேர்ப்பார்கள், அதனால் "அசா வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அசா என்றால் மீன்.

அசைவத்தில் டோரோ வொட் சிறந்தது. வெங்காயத்தை நெடுநேரம் வதக்கிச் செய்யும் கோழிக்குழம்பு, முழு முட்டையோடு வரும். கிட்ஃபோ என்பது கொத்திய பச்சை மாட்டிறைச்சி. விருந்தாளிக்குப் பெருமையாகத் தருவார்கள், ஆனால் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். "யெபெசெலே" என்றால் நன்றாக வேகவைத்துத் தருவார்கள். அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் பன்றி சாப்பிடுவதில்லை. கிறிஸ்தவர், முஸ்லிம் இறைச்சிக் கடைகளும் உணவகங்களும் தனித்தனி. ஹலால் வேண்டுவோர் முஸ்லிம் உணவகத்தைக் கேட்டுப் போகலாம், எல்லா ஊரிலும் உண்டு.

உங்களோடு சாப்பிடுபவர் ஒரு வாய் உருட்டி உங்கள் வாயருகே நீட்டினால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கூர்ஷா என்ற அன்பு அது. மறுத்தால் மனசு நோகும்.

படி 8: காப்பிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

அரபிகா காப்பிச் செடி இந்த நாட்டுத் தென்மேற்குக் காடுகளில்தான் தானாக முளைத்தது. கஃபா பகுதியில் இன்றும் காட்டுக் காப்பி உண்டு. விளைவதில் பாதியளவு உள்நாட்டிலேயே குடித்து முடிக்கிறார்கள்.

தரையில் பச்சைப் புல் பரப்பியிருக்கும். ஒரு பெண் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, பச்சைக் கொட்டையைக் கழுவி, கரியடுப்பில் தட்டையான சட்டியில் வறுப்பார். கொட்டை கறுத்து எண்ணெய் கசியும் நேரத்தில், புகையும் சட்டியோடு எழுந்து ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவருவார். அப்போது கையால் புகையை உங்கள் பக்கம் அள்ளி முகர வேண்டும். நல்ல வாசனை என்று சொல்ல வேண்டும். பிறகு உரலில் இடித்து, ஜெபெனா என்ற கறுத்த மண்குடுவையில் கொதிக்கவிட்டு, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் உயரத்திலிருந்து ஒரே தாரையாக ஊற்றுவார். பக்கத்தில் சாம்பிராணிப் புகை, கொறிக்கப் பாப்கார்ன். சில இடங்களில் அருவதாக் கொத்து ஒன்றைக் கோப்பையில் போட்டுத் தருவார்கள்.

அதே தூளில் தண்ணீர் சேர்த்து மூன்று சுற்று: அபோல், தோனா, பரக்கா. மூன்றாவது ஆசீர்வாதச் சுற்று. முதல் கோப்பையோடு எழுந்துவிட்டால் வீட்டார் வருந்துவார்கள். அதனால்தான் நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கச் சொல்கிறேன். நேரம் இல்லாத நாளில் கடையில் நின்றுகொண்டே ஒரு மக்கியாத்தோ குடித்துக்கொள்ளலாம்; இத்தாலியர் விட்டுப்போன பழக்கம்.

படி 9: ஊர்களைத் தேர்ந்தெடுப்பது

லாலிபெலா. பாதை திறந்திருந்தால் இதற்காகவே எத்தியோப்பியா போகலாம். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் லாலிபெலா மன்னர் பெயரோடு சேர்ந்து வழங்கும் 11 தேவாலயங்கள். கல்லை அடுக்கிக் கட்டியவை அல்ல. மலைப்பாறையை மேலிருந்து கீழாக வெட்டி, சுற்றிலும் அகழி தோண்டி, உள்ளே குடைந்து எடுத்தவை. தூண், ஜன்னல், கூரை எல்லாம் ஒரே பாறை. ஒரு பிசகு நேர்ந்தால் மாற்றிவைக்கக் கல் கிடையாது. மழைநீர் வடியக் கால்வாயும் அதே பாறையில் வெட்டியிருக்கிறார்கள். பேத்தே கியோர்கிஸ் என்ற சிலுவை வடிவக் கோயில் மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியே இருக்கிறது. அதன் கூரை உங்கள் காலடி மட்டத்தில் இருக்கும். கிட்டே போகும்வரை அங்கே ஒரு கட்டடம் இருப்பதே தெரியாது.

காலையில் வழிபாட்டு நேரத்தில் போங்கள். நெத்தலா என்ற வெள்ளைச் சால்வை போர்த்திய மக்கள் சுவரில் சாய்ந்து நின்றபடி முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். நெடுநேரம் நிற்பதற்கென்றே ஆளுக்கொரு ஊன்றுகோல். கென்னா இரவில் பல நாள் நடந்து வந்த யாத்திரிகர்களால் ஊர் நிறைந்துவிடும். அறையைப் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும். எல்லாக் கோயிலிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். பழைய தரைவிரிப்பில் தெள்ளுப்பூச்சி இருக்கும், கனத்த காலுறை எடுத்துப் போங்கள். இரண்டு கோயில் தொகுதிகள் இடையே இருட்டுச் சுரங்கப்பாதை ஒன்றுண்டு, கைவிளக்கும் வேண்டும். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டாருக்கு அதிகம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹரார். கிழக்கே மதில் சூழ்ந்த பழைய இஸ்லாமிய நகரம். குறுகிய சந்துகளுக்குள் 80க்கும் மேற்பட்ட மசூதிகள். டிரே டாவா வரை விமானத்தில் போய், அங்கிருந்து சாலையில் போகலாம். அடிஸ் அபாபா–ஜிபூட்டி மின்ரயிலும் டிரே டாவாவில் நிற்கும். இருட்டியதும் மதிலுக்கு வெளியே கழுதைப்புலிகள் வரும். தலைமுறையாக அவற்றுக்கு உணவு போடுபவர்கள் குச்சியில் இறைச்சியைக் கோத்து நீட்டுகிறார்கள். துணிவிருந்தால் நீங்களும் நீட்டலாம். ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. இரவில் தெருக்கழிவைத் தின்று சுத்தம் செய்கின்றன. இந்தியாவோடு இந்த நாட்டுக்குப் பழைய, வலிமிக்க ஒரு தொடர்பும் உண்டு: எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்தில் அகமத்நகர் சுல்தானகத்தின் தலைமை அமைச்சராக உயர்ந்து முகலாயரை எதிர்த்து நின்ற மாலிக் அம்பர்.

பாலே மலை. 4,000 மீட்டருக்கு மேலுள்ள சனெட்டி பீடபூமியில் எத்தியோப்பிய ஓநாயைப் பார்க்கலாம். உலகத்தில் 500க்கும் குறைவாகவே மிஞ்சியுள்ள செம்பழுப்பு விலங்கு, எலி தோண்டிப் பிடித்து வாழ்கிறது. வடக்கே சிமியன் மலையில் மார்பில் சிவப்புத் திட்டு உள்ள கெலாடா குரங்குகள் கூட்டங்கூட்டமாகப் புல் மேயும்; அங்கே போக அம்ஹாரா நிலைமை சரியாக இருக்க வேண்டும்.

டனாக்கில். கடல்மட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே, மஞ்சளும் பச்சையுமாக அமிலக் குட்டைகள் கொதிக்கும் டல்லோல். எர்த்தா ஆலே எரிமலை. உப்புப் பாளம் வெட்டி ஒட்டகத்தில் ஏற்றும் அஃபார் மக்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும், அனுபவமுள்ள நிறுவனத்தோடு மட்டும். 2025 நவம்பரில் இதே பகுதியில் ஹைலி குப்பி எரிமலை வெடித்துச் சாம்பல் டெல்லி வரை பறந்து வந்து விமானங்கள் ரத்தானது நினைவிருக்கும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

படி 10: பழகும் முறை

அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அடுத்து அப்பா பெயர். நம் இனிஷியல் முறைதான். ஆகவே ஒருவரை முதல் பெயராலேயே அழைக்க வேண்டும். இரண்டாவது பெயரைச் சொன்னால் அவர் அப்பாவைக் கூப்பிட்டதாகும். மரியாதைக்கு ஆண்களுக்கு அத்தோ, மணமான பெண்களுக்கு வெய்சரோ என்று முன்னால் சேருங்கள்.

வணக்கத்துக்கு "செலாம்". நன்றிக்கு "அமெசெக்னாலெஹு", நீளமான சொல், தட்டுத்தடுமாறிச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள். "சரி" என்பதற்கு "இஷ்ஷி". நாள் முழுக்கக் காதில் விழும். கைகுலுக்கும்போது வலத்தோளை வலத்தோளோடு மெல்ல இடித்துக்கொள்வது நண்பர்களின் வழக்கம்.

தேவாலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஆண், பெண் பகுதிகள் தனி. சில மடங்களில் பெண்களுக்கு அனுமதியே இல்லை. தானா ஏரித் தீவுகளிலும் அப்படி உண்டு. ஆளைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். அரசுக் கட்டடம், ராணுவம், காவல்துறை, பாலம் இவற்றை எடுக்கவே வேண்டாம். அரசியலும் இனப்பிரிவும் பேச்சில் வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், கருத்துச் சொல்லாதீர்கள். போரில் ஆளை இழந்த குடும்பமாக இருக்கக்கூடும்.

படி 11: வாங்க வேண்டியதும் கூடாததும்

வறுத்த காப்பிக்கொட்டை, பெர்பெரே பொடி, கையால் நெய்த நெத்தலா, மண் ஜெபெனா ஆகியவை தாராளமாக வாங்கலாம். ஆட்டுத்தோலில் எழுதிய பழைய ஏடு, பழைய சிலுவை என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் வாங்காதீர்கள். தொல்பொருளை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோவது குற்றம். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். புதிதாகச் செய்த பொருள்தான் என்றாலும் பழையது போலத் தோன்றினால் கடைக்காரரிடம் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 1868இல் பம்பாயிலிருந்து கப்பலேறிய பிரிட்டிஷ் படை, இந்தியச் சிப்பாய்களும் யானைகளும் சேர்ந்து, மக்தலா கோட்டையைப் பிடித்து, ஏடுகளையும் தாபோத்களையும் மகுடத்தையும் அள்ளிச் சென்றது. அவற்றில் பல இன்னும் லண்டனில்தான் இருக்கின்றன. 1937இல் முசோலினி அக்சுமிலிருந்து ரோமுக்குத் தூக்கிப்போன கல்தூண் 2005இல்தான் திரும்பி வந்தது. 2008இல் மறுபடி நட்டார்கள். மீதியைத் திருப்பித் தரச்சொல்லி எத்தியோப்பியர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.